எல்லை மண் எவர்க்கும் குப்பைமேடன்று!

பேரிகை என்பது முரசைக் குறிக்கும் பெயர். கிருட்டினகிரி மாவட்டத்துச் சூளகிரி வட்டத்தில், கருநாடகத்து மாலூரை நோக்கிய எல்லையோரத்தில், அப்பெயர் தாங்கிய ஊர் ஒன்றுண்டு. சென்னைக் கோட்டையிலிருந்து ஆள்வோர்க்கு அவ்வூர் மிகத் தொலைவில் உள்ளது. பெங்களூரிலிருந்து விரிந்து வருவோர்க்கோ மிக அருகில் உள்ளது. எல்லையோர மக்களின் இடர் முழுவதும் இவ்விரண்டு தொலைவுகளுக்கும் இடையிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

கேட்பாரற்ற இடம் எதுவோ அதுவே குப்பை கொட்டுதற்கு ஏற்ற இடம் என்பது பெருநகரங்களின் எழுதாச் சட்டம். அறிவியல் வல்லார் வந்து மண்ணையும் நீரையும் ஆய்ந்து இடத்தைத் தேர்கின்றனர் என்பதெல்லாம் தாளில் எழுதும் பேச்சு. உண்மையில் ஆயப்படுவது மண்ணன்று. அங்கு வாழும் மக்களின் எதிர்ப்பாற்றலே ஆயப்படுகின்றது. செல்வர் வாழும் தெருவின் முனையில் குப்பைமேடு எழுந்ததாக எந்நகரத்தின் வரலாற்றிலும் காணோம். நகரின் கடைக்கோடி, மாவட்டத்தின் கடைக்கோடி, மாநிலத்தின் கடைக்கோடி என்று கோடிகளைத் தேடியே குப்பை செல்கின்றது. ஒரு மாநிலத்தின் கோடியில் வாழ்வார்க்கு இருபுறமும் கோடி; அவர்க்காகப் பேசுவார் இப்புறத்தும் இல்லை, அப்புறத்தும் இல்லை.

பேரிகையின் மேற்கே பாகலூரும் ஓசூரும், தெற்கே சூளகிரி. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் ஓசூர் வளர்ந்த வளர்ச்சி யாவரும் அறிந்தது. 2019-இல் அது மாநகராட்சியும் ஆயிற்று. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, சர்சாபுரம், மாலூர் என்று பெங்களூரின் கைகள் நீண்டு வந்து எல்லைக்கல்லைத் தொட்டு நிற்கின்றன. இரண்டு தொழில் வட்டாரங்களின் நடுவே சிக்கியிருப்பினும் இஃது இன்னும் உழவர் நிலமே. பசுங்குடில்களில் உரோசா; திறந்த வயல்களில் தக்காளி, முட்டைக்கோசு, புதினா, கொத்துமல்லி. சூளகிரிச் சந்தையிலிருந்து கட்டுக்கட்டாய்ச் செல்லும் கொத்துமல்லி வெளியூர் அடுப்படிகளில் மணக்கின்றது. இத்தனைக்கும் நீர் தருவன ஏரிகளும் ஆழ்துளைக் கிணறுகளுமே.

இம்மாவட்டத்தின் கருங்கல் கடல் கடந்து விலைபோவது. கல் போயிற்று, குழி எஞ்சிற்று. வெட்டி முடித்துக் கைவிட்ட பாறைக்குழிகள் மலையடிவாரங்களில் வாய்பிளந்து கிடக்கின்றன. பெருநகரத்து ஒப்பந்தக்காரனின் கண்ணுக்கு அக்குழி ஒரு கொடை. தோண்டும் செலவில்லை, நிலத்தின் விலையுமில்லை, கொட்டி மூடிவிட்டால் மேலே தெரியாது. ஆனால் நிலத்தடி நீரின் இயல்பறிந்தார்க்கு அதைவிடக் கேடான இடம் வேறில்லை. மணற்பாங்கான நிலத்தில் நீர் மெல்ல ஊறிச் செல்லும். ஊறும் வழியில் ஓரளவு வடிகட்டவும் படும். கருங்கற் பாறையில் நீர் ஊறுவதில்லை. வெடிப்புகளிலும் பிளவுகளிலும் ஓடுகின்றது. வெடிமருந்து வைத்துத் தகர்த்த குழியின் சுவரிலோ அப்பிளவுகள் பன்மடங்கு. குப்பை அழுகி மழைநீரோடு கலந்து வடியும் கருஞ்சாறு அப்பிளவு வழியே இறங்கி, எவ்வகை வடிகட்டலும் இன்றி, அடுத்த தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றில் சென்று சேரும். எந்தத் தோட்டத்துக் கிணறு என்பதை முன்கூட்டிச் சொல்லவும் இயலாது.

2016-ஆம் ஆண்டின் திண்கழிவு விதிகள் இதை உணர்ந்தே வகுக்கப்பட்டன. குப்பை புதைக்கும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் விலகியிருத்தல் வேண்டும் என்றன. குழியின் அடியில் 90 சென்றிமீட்டர் கனத்துக்குக் களிமண் இறுக்கி, அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர்க் கனமுள்ள நெகிழித்தாள் விரித்தல் வேண்டும் என்றன. நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து இரண்டு மீட்டரேனும் கீழே இருத்தல் வேண்டும் என்றன. செங்குத்தாய் நிற்கும் பாறைச்சுவரில் களிமண்ணை எவ்வாறு இறுக்கிப் பூசி நிறுத்துவது என்பதற்கு எந்தப் பொறியாளரும் விடை சொல்லவேண்டியதில்லை. ஏனெனில் அதை எவரும் செய்வதேயில்லை. சரக்குந்து பின்னோக்கி வருகின்றது, கொட்டுகின்றது, போகின்றது.

பெங்களூர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 டன் குப்பையை ஈனும் நகரம். அக்குப்பை எங்குச் சென்றது என்னும் வரலாறு எல்லையோரத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டியது. நகரின் வடக்கே மாவள்ளிபுரம் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கணக்கில் கொட்டினர். கிணற்று நீர் கெட்டது, ஊரார் நோயுற்றனர், 2012-இல் மக்கள் வண்டிகளை மறித்தனர், அக்குப்பைமேடு மூடப்பட்டது. உடனே வண்டிகள் கிழக்கே மண்டூருக்குத் திரும்பின. மண்டூரார் மறித்தனர். காவலரை நிறுத்திக் கொட்டினர். மக்கள் ஓயவில்லை, 2014 திசம்பர் முதல் நாளோடு அங்கும் நிறுத்தவேண்டியதாயிற்று. அடுத்துத் தொட்டபள்ளாபுரத்துப் பக்கம், அங்கும் எதிர்ப்பு. பின்னர்ப் பெல்லள்ளி, மிட்டகானள்ளி ஆகிய இடங்களின் கற்குழிகள். ஓர் ஊர் விழித்தெழுந்தால் குப்பை அடுத்த ஊரை நாடும். குறைவதில்லை, இடம் பெயர்கின்றது, அவ்வளவே.

மாவள்ளிபுரத்தாரும் மண்டூராரும் கன்னட உழவர். அவர்தம் போராட்டம் அறப்போராட்டம். பெங்களூரின் குப்பைக்கு முதற்பலி கன்னடச் சிற்றூர்களே என்னும் உண்மையை மறைத்துவிட்டு, இதைத் தமிழர் கன்னடர் பூசலாக மட்டும் காட்டுவார் சிக்கலின் வேரைக் காணாதவர். வேர் நகரத்தின் செருக்கில் உள்ளது. ஆயினும் ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். கன்னடச் சிற்றூர்கள் ஒவ்வொன்றாய்க் கதவடைத்த பின்னர், கதவில்லாத வீடு எது? மண்டூரார் மறித்தால் அவர்தம் வாக்கு தேவைப்படும் கட்சி பெங்களூரிலேயே ஆட்சியில் இருக்கும். பேரிகையார் மறித்தால் பெங்களூரில் எவர்க்கும் ஒரு வாக்கும் குறையாது. எல்லைக்கோடு குப்பையைத் தடுக்கும் சுவராக இருப்பதற்கு மாறாக, குப்பை கொட்டுவானைக் காக்கும் சுவராக மாறுவது இவ்வாறுதான்.

இஃது அச்சத்தால் கட்டிய கற்பனை என்பார் கெலவரப்பள்ளிக்குச் சென்று பார்க்கலாம். நந்திமலைப் பகுதியில் பிறந்து, பாகலூரை அடுத்த கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணை, ஓசூரையடுத்த அவ்வணையில் முதன்முதல் தேங்குகின்றது. அணையின் மதகு திறந்தால் வெளிவருவது வெண்ணுரை. மலைபோல் குவிந்து, காற்றில் பிய்ந்து பறந்து, வயலில் விழுந்து, தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை மறிக்கும் நுரை. ஒருமுறை இருமுறையன்று, பத்தாண்டுகளாக, மழைதோறும் நீர் திறக்குந்தோறும் காணும் காட்சி அது. தென்பெண்ணைக்கு வந்துசேரும் பெங்களூரின் சாக்கடையும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிநீரும் தொழிற்சாலைக் கழிவும் சலவைத்தூளின் மிச்சமும் கலந்து கலங்கி எழுப்பும் நுரை.

பெல்லந்தூர் ஏரியின் பெருமையை உலகமே அறியும். நீர் தீப்பற்றி எரியும் புதுமையை 2015-இல் அவ்வேரி காட்டிற்று, 2017-இலும் காட்டிற்று, 2018 சனவரியில் படைவீரர் பெருந்திரளாய் வந்து அணைக்கவேண்டிய அளவுக்கு எரிந்தது. அவ்வாண்டு திசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் கருநாடக அரசுக்கு 50 கோடியும் பெங்களூர் மாநகராட்சிக்கு 25 கோடியும் தண்டம் விதித்தது. ஏரியைச் செப்பனிட 500 கோடி உரூபாவைத் தனியே ஒதுக்கி வைக்கப் பணித்தது. தண்டம் விதித்தது ஏரிக்கரையில் வாழ்ந்த பெங்களூர் மக்களின் முறையீட்டுக்காக. அவ்வேரி நீர் கடைசியில் எவர் வயலில் பாய்கின்றதோ அவ்வுழவரின் நட்டத்துக்கு அதில் ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. கெலவரப்பள்ளிக்குக் கீழே கிருட்டினகிரி அணை. அதற்குக் கீழே சாத்தனூர் அணை. அதற்கும் கீழே கடலூர் வரை ஆற்றையே நம்பிய ஊர்கள். நீர்மக் கழிவு வந்த வழியே திண்கழிவும் வராதென்பதற்கு எவர் உறுதி தருவார்?

நீர் கேட்டால் இல்லை என்பதும், கழிவை மட்டும் கேளாமல் அனுப்புவதும் இவ்வாற்றின் கதை. தென்பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய ஆற்றின் குறுக்கே கோலார் மாவட்டத்து எரகோளில் கருநாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு தொடுத்த வழக்கில், தடை வேண்டிய மனுவை உச்ச வழக்குமன்றம் 2019 நவம்பரில் தள்ளிவிட்டது. 1892-ஆம் ஆண்டின் மைசூர், சென்னை உடன்படிக்கை அவ்வழக்கில் பேசப்பட்டது. நீரின் அளவைப் பற்றி அவ்வுடன்படிக்கை பேசும். நீரின் தூய்மையைப் பற்றிப் பேசுதற்கு 1892-இல் தேவை எழவில்லை.

இதே எல்லைக்கு அப்பால் கோலார்த் தங்கவயலில் வேறொரு பாடம் மேடுமேடாய்க் கிடக்கின்றது. பல தலைமுறையாய்த் தமிழ்த் தொழிலாளர் மண்ணுக்கடியில் இறங்கி வெட்டியெடுத்த பொன் எங்கோ போயிற்று. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியது, பொன் பிரித்த பின் கொட்டிய, சயனைடு கலந்த மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட பொடிமண். காற்றடிக்குங் காலத்தில் அப்பொடி பறந்து தொழிலாளர் குடியிருப்புகளில் படிகின்றது. ஆலையும் சுரங்கமும் வரும்போது வேலை தருவதாய்ச் சொல்வார் உளர்; போகும்போது எதை விட்டுப் போவர் என்று கேட்டார் இல்லை.

எல்லையோர மக்கள் செய்யக்கூடியது என்ன? நெல்லைச் சீமை 2024 திசம்பரில் விடை தந்தது. கொடகநல்லூர், நடுக்கல்லூர், பழவூர் முதலிய சிற்றூர்களின் ஓரங்களில் மூட்டை மூட்டையாய் மருத்துவமனைக் கழிவு கிடந்தது. ஊசிகள், குருதி தோய்ந்த துணிகள், மருந்துக்குப்பிகள். அவற்றோடு நோயாளர் பெயர் பொறித்த தாள்களும் கிடந்தன. அத்தாள்கள் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுடையவை. ஊரார் கண்டு கூவினர், செய்தித்தாள்கள் எழுதின, வழக்குப் பதிவாயிற்று, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து, மூன்று நாளில் கேரள அரசே வந்து அள்ளிச் செல்லவேண்டும் என்று பணித்தது. திசம்பர் 22-ஆம் நாள் கேரள அலுவலர் வண்டிகளோடு வந்து அள்ளத் தொடங்கினர்.

இந்நிகழ்ச்சியின் பெருமை அந்தச் சில வண்டிப் பாரத்தில் இல்லை. கொட்டிய குப்பை கொட்டியவன் செலவில், கொட்டியவன் வண்டியில், வந்த வழியே திரும்பியதில் உள்ளது. 1988-இல் இத்தாலியிலிருந்து நைசீரியாவின் கோகோத் துறையில் இறக்கப்பட்ட நச்சுக்கழிவு, உண்மை வெளிப்பட்டதும், அதே ஆண்டு கப்பலேற்றித் திருப்பப்பட்டது. அது போன்ற நிகழ்ச்சிகள் எழுப்பிய கொதிப்பில்தான் 1989-இல் பேசல் உடன்படிக்கை உருவாயிற்று. வாங்கும் நாட்டின் எழுத்துவழி ஒப்புதலின்றி நச்சுக்கழிவு எல்லை கடத்தல் கூடாது என்பது அதன் சாரம்.

நாடுகளுக்கிடையே உள்ள இம்முறை ஓர் ஒன்றியத்துக்குள் அடங்கிய மாநிலங்களுக்கிடையே எந்த அளவில் உள்ளது? ஆலைகளின் ஏதக்கழிவை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்தின் புதைகுழிக்குக் கொண்டுசெல்ல இரு மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியங்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும் என்று 2016-இன் விதி கூறுகின்றது. வாரியத்தின் ஒப்புதல் வேண்டுமாம். ஊரின் ஒப்புதல்? அது விதியில் இல்லை. வீட்டுக்குரியவனைக் கேளாமல் தெருக்கோடிக் காவற்காரனைக் கேட்டு வீட்டுக்குள் நுழைவது போன்றது இது.

நெல்லை நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாட்டரசு ஒன்று செய்தது. குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவு கொட்டுவோரையும் அதன் வலைக்குள் கொணர்ந்தது. அத்திருத்தம் 2025 சூலையில் நடைமுறைக்கு வந்தது. வரவேற்பார் வரவேற்கலாம். ஆனால் வழக்கின்றி ஓராண்டு சிறைவைக்கும் அச்சட்டத்தில் சிக்கப்போவார் யார்? நாட்கூலிக்குச் சரக்குந்து ஓட்டியவனும் மூட்டை தூக்கியவனும். மூட்டையை ஒப்படைத்துவிட்டுக் கைகழுவிய மருத்துவமனை முதலாளி எந்தச் சிறைக்கும் போகான். கழிவை ஈன்றவனே அதன் முடிவு வரை பொறுப்பு என்னும் ஒரு வரியைச் சட்டமாக்கி, அவன் உரிமத்தைப் பறிக்கும் துணிவு வந்தாலன்றி, ஓட்டுநரைச் சிறைப்பிடிப்பதால் ஓர் ஊசியும் குறையாது.

மொழியின் இடம் இதில் என்ன என்று கேட்பார் உளர். மிகப் பெரிது. பெருந்திட்டம் ஒன்று வரும்போது மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்துதல் வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கை. நகரங்களின் பொதுக் குப்பைப் பண்டுவ நிலையங்களும் அப்பட்டியலில் உள்ளன. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரியும் முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். மக்கள் மொழியில் தரப்படுவது சுருக்கம் மட்டுமே. நிலத்தடி நீர் எத்தனை அடியில் உள்ளது, காற்று எத்திசையில் அடிக்கும், அருகில் எத்தனை கிணறு என்னும் செய்திகள் அம்முழு அறிக்கையில்தான் புதைந்திருக்கும். தன் கிணற்றைப் பற்றித் தனக்குத் தெரியாத மொழியில் எழுதிவைத்து, 'கருத்துச் சொல்' என்று உழவனைக் கூட்டி நிறுத்துவது கருத்துக் கேட்பாகுமா? 2020-இல் அவ்வறிவிக்கையையே மாற்றியமைக்கும் வரைவை நடுவண் அரசு வெளியிட்டபோது, அட்டவணை மொழிகள் 22-இலும் அதைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்வழக்குமன்றம் சூன் 30-இல் பணித்தது. நடுவண் அரசு பெயர்த்ததா? அப்பணிப்பை எதிர்த்து உச்ச வழக்குமன்றத்துக்குச் சென்றது. மக்கள் மொழியில் சொல்லிவிட்டால் மக்கள் மறுத்துவிடுவர் என்னும் அச்சத்துக்கு இதனினும் வெளிப்படையான ஒப்புதல் வேண்டியதில்லை. பேரிகை வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாய் வழங்குகின்றன. முழு அறிக்கையும் தமிழில் வரவேண்டும். தெலுங்கும் கன்னடமும் பேசும் உழவர்க்கு அவர்தம் மொழியில் படித்துக்காட்டவும் வேண்டும். நீர் கெடும்போது மொழி பார்த்துக் கெடுவதில்லை.

பெங்களூரையும் திருவனந்தபுரத்தையும் நோக்கி நீட்டிய விரலைச் சற்றே மடக்கிச் சென்னையை நோக்கியும் நீட்டவேண்டியுள்ளது. வடசென்னை உழைப்பாளர் தலையில் கொடுங்கையூரை ஏற்றிவைத்தது எந்தக் கருநாடக அரசு? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பெருங்குடிக் குப்பையால் மூடியது எந்தக் கேரள அரசு? 2022 ஏப்பிரலில் பெருங்குடி எரிந்தது. 2024 ஏப்பிரலில் கோவையின் வெள்ளலூர் எரிந்தது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையை வைக்க முனைந்தபோது, 2025 மே திங்களில் வடசென்னை மக்கள் கைகோத்து நெடுஞ்சுவராய் நின்றனர். அதே ஆண்டில் திருப்பூர் மாநகராட்சி கைவிட்ட பாறைக்குழிகளில் குப்பையைக் கொட்டியபோது முதலிபாளையத்தாரும் சின்னக்காளிபாளையத்தாரும் எதிர்த்து நின்றனர். பாறைக்குழியைக் கண்டால் குப்பைக்குழி என்றெண்ணும் நோய் பெங்களூர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதுவே சான்று. தன் மக்களில் எளியார் தலையில் தன் குப்பையைக் கொட்டும் அரசு, எல்லையில் நின்று அயலானைத் தடுக்கும்போது அதன் குரலில் வலு இராது. வளரும் ஓசூரின் குப்பை எவ்வூரின் ஓரத்தில் போய்க் குவியும் என்னும் கேள்வியும் பேரிகையார்க்கு உண்டு. அதைக் கேட்பது இனப்பகையன்று, முறையான கேள்வி.

குப்பைமேடு வெறும் நாற்றமன்று, உயிர்ப்பகை என்பதை இலங்கை காட்டிற்று. கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில், 2017 ஏப்பிரல் 14-ஆம் நாள், மக்கள் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த பொழுதில், மலையென நின்ற குப்பை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டார் மாண்டனர். அம்மேட்டை அகற்றுமாறு அங்கு வாழ்ந்தார் ஆண்டுக்கணக்கில் போராடி வந்தவர். பலமுறை தடியடியும் பட்டவர். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1982-இல் வாரன் என்னும் பகுதியில் நச்சுமண்ணைப் புதைக்க வந்த வண்டிகளின் முன் கருப்பின மக்கள் சாலையில் படுத்தனர். ஐந்நூற்றுவர்க்கு மேல் சிறைப்பட்டனர். புதைப்பதை அன்று தடுக்க இயலவில்லை. ஆயினும் நச்சுக்குழிகள் ஏன் கருப்பர் ஊர்களிலேயே அமைகின்றன என்னும் வினா அங்குதான் பிறந்து உலகெங்கும் பரவிற்று.

'குப்பை எங்கேனும் போகத்தானே வேண்டும்?' என்று நகரத்தார் கேட்பர். அறிவார்ந்த வினாவைப் போலத் தோன்றும் இதற்கு விடை தமிழ்ச்சொல்லிலேயே உள்ளது. குவிந்தது குப்பை. உழவன் வீட்டுப் புறக்கடையில் சாணமும் வைக்கோலும் சாம்பலும் காய்கறித் தோலும் குவிந்த எருக்குழி ஒரு செல்வம். குப்பை உள்ளவன் வயல் விளையும். ஆண்டுக்கொருமுறை வண்டிகட்டி அதை வயலுக்கு அடிப்பது வேளாண்மையின் முதல் வேலை. அக்குப்பை ஊரைவிட்டுப் போகவேயில்லை. அதே பொருளை நகரத்தான் நெகிழிப் பையில் கட்டி, ஊசியையும் மின்கலத்தையும் கண்ணாடியையும் உடன் வைத்தபோதுதான் எரு நஞ்சாயிற்று. நகரக் குப்பையில் பாதியளவு இன்றும் மக்கக்கூடிய பொருளே. அப்பாதியைத் தெருவிலேயே பிரித்துத் தெருவிலேயே மக்கவைத்தால், வண்டியேறுவது பாதியாகும். எஞ்சியதில் விலைபோவதைப் பிரித்தால் அது மேலும் குறையும். இது புது அறிவன்று. விதிநூலில் ஆண்டுக்கணக்காய் எழுதிக் கிடப்பதே. ஆனால் பிரித்தலில் ஒப்பந்தக்காரனுக்கு ஊதியமில்லை. அவனுக்குக் கூலி எடைக்கணக்கில். எடை குறைந்தால் அவன் வருவாய் குறையும். பிரித்துக் குறைக்குமாறு மக்களுக்கு அறிவுரை கூறும் நகராட்சி, எடைக்கு எடை காசு கொடுத்து ஒப்பந்தம் எழுதுவது வேடிக்கை.

இன்னொரு சொல்லையும் இங்குக் குறித்தல் தகும். ஒரு பிடி உரமும் உண்டாகாத குப்பைமேடுகளின் வாயிலில் 'உரக்கிடங்கு' என்று பெயர்ப்பலகை எழுதிவைப்பது நம் நகராட்சிகளின் வழக்கம். கிடங்கு என்பது பழந்தமிழில் கோட்டையைச் சூழ்ந்த அகழிக்குப் பெயர். ஊரைக் காத்த சொல்லை ஊரைக் கெடுக்கும் இடத்துக்குச் சூட்டியிருப்பது, அறியாமையாயினும், பொருத்தமாகத்தான் இல்லை.

எனவே, எல்லையோரத்தார் கேட்பது இரக்கமன்று, மூன்று உரிமைகள். எவ்வூரின் எல்லைக்குள் கழிவைக் கொட்டவோ புதைக்கவோ எரிக்கவோ கருதினாலும் அவ்வூரவையின் ஒப்புதல் முதலில் வேண்டும். அவை மறுத்தால் வாரியத்தின் இசைவும் செல்லாது என்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றுதல் வேண்டும். கைவிட்ட கற்குழிகள் ஒவ்வொன்றையும் அளந்து எண்ணிட்டு, கல்லெடுத்து ஊதியம் கண்டவர் செலவிலேயே வேலியிட்டு, மழைநீர்த் தேக்கமாக மாற்றுதல் வேண்டும். திறந்து கிடக்கும் குழி இருக்கும்வரை இரவில் வரும் வண்டியும் இருக்கும். கொடியாளத்தில் தென்பெண்ணை நீரை நாள்தோறும் ஆய்ந்து, அக்கணக்கைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுதல் வேண்டும். நுரை எழும் நாளில் பயிரிழக்கும் உழவனுக்குரிய இழப்பீட்டைக் கருநாடகத்திடமிருந்து பெற்றுத்தரும் பொறுப்பைத் தமிழ்நாட்டரசு ஏற்றல் வேண்டும்.

இவற்றை அரசு தானே தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கிருட்டினகிரி உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு மக்கள் தேர்ந்த சார்பாளரின் காலம் 2025 சனவரியில் முடிந்து, ஆட்சி தனி அலுவலர் கைக்கு மாறியபோது, ஊரின் வாய் பாதி அடைபட்டது. ஆனால் ஊரவை எவர்க்கும் காலம் முடிந்து கலைவதன்று. வாக்குரிமை பெற்ற ஊரார் அனைவரும் அதன் உறுப்பினர். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடவேண்டும். அடுத்துக் கூடும் நாளில் பேரிகை தொடங்கிப் பாகலூர் வரை உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும், 'எம் எல்லைக்குள் அயலூர்க் கழிவுக்கு இடமில்லை' என்னும் தீர்மானத்தைத் தமிழில் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, வந்தவர் அனைவரும் கையொப்பமிடுதல் வேண்டும். அதன் படியை மாவட்ட ஆட்சியர்க்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுதல் வேண்டும். கற்குழிக்குச் செல்லும் வண்டிப்பாதைகள் எவையெவை, அவற்றின் முனையில் இரவில் விழித்திருப்பார் யார்யார் என்பதையும் அக்கூட்டத்திலேயே முறைவைத்து எழுதிவிடல் நலம்.